சேர்ந்து பிடித்த பழக்கம்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரமாகக் கைப்பேசியைப் பெரும்பாலும் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

"இளையோரின் திரைப் பழக்கத்தை மாற்றப் பெரிதும் வல்லது தனிமனிதக் கட்டுப்பாடா, கூட்டு ஏற்பாடா?" என்பது இன்றைய தலைப்பு. கூட்டு ஏற்பாடே என்னும் அணியின் சார்பில் பேச வந்திருக்கிறேன். எதிரணியினர் இதுவரை எங்கள் கட்சியை அரசாங்கத் தடை என்று சுருக்கிக்கொண்டு அந்தத் தடையோடு மட்டும் சண்டையிட்டார்கள். நாங்கள் சொல்வது அவ்வளவு குறுகியதன்று. ஒரு வகுப்பு மாணவர்கள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு, ஒரு பள்ளி வகுக்கும் விதி, சில பெற்றோர் கூடி எடுக்கும் முடிவு, செயலியை உருவாக்கும் நிறுவனம் ஏற்க வேண்டிய கடமை, அதற்கும் அப்பால் நாட்டின் சட்டம் என, ஒருவர் தனியாகச் செய்ய இயலாமல் பலர் சேர்ந்தே செய்யக்கூடிய அனைத்தும் எங்கள் கட்சிக்குள் அடங்கும்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். கைப்பேசியை அணைக்கும் பொத்தான் அவரவர் கையில்தான் இருக்கிறது என்றார். யாரும் வற்புறுத்தாமலேயே இளையோர் தாமாகக் குறைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள் என்றார். சட்டம் போட்டுப் பார்த்த நாடுகள் தோற்றுப்போயின என்றார். அவர் சொன்ன விதத்தில் மயங்கி நானும் கைதட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கைதட்டல் வேறு, உடன்பாடு வேறு.

முதலில் அந்தப் பொத்தானைப் பார்ப்போம். 2018-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் 'ஸ்க்ரீன் டைம்' என்னும் வசதியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் கூகுளும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு இத்தகைய வசதியை அறிமுகப்படுத்தியது. ஒரு செயலிக்கு நாளொன்றுக்கு இவ்வளவு நேரம் என்று நமக்கு நாமே வரம்பு வைத்துக்கொள்ளலாம். ஒரு மாணவி இன்ஸ்டாகிராமுக்கு அரை மணி நேரம் என்று நல்ல மனத்தோடு வரம்பு வைக்கிறாள். அரை மணி முடிந்ததும் செயலி மறைந்து, நேரம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு வருகிறது. அதற்குக் கீழேயே வரம்பைப் புறக்கணிப்பதற்கான வழியும் இருக்கிறது. அதைத் தொட்டால், இன்னும் ஒரு நிமிடம் வேண்டுமா, கால் மணி நேரம் கழித்து நினைவூட்ட வேண்டுமா, இன்று முழுவதும் வரம்பே வேண்டாமா என்று கேட்கிறது. வரம்பு வைத்தவளும் அவள், மீறுகிறவளும் அவள், மீறுவதற்கு அனுமதி வழங்குகிறவளும் அவளே. இரவு பதினொன்றரை மணிக்கு, களைத்துப்போன நிலையில், மாலையில் தான் எடுத்த முடிவுக்குத் தானே காவல் நிற்க வேண்டும். எதிரணியினர் போற்றும் தனிமனிதக் கட்டுப்பாடு நடைமுறையில் இந்த ஒற்றைத் திரையாகத்தான் இருக்கிறது.

அந்தத் திரைக்கு மறுபக்கம் இருப்பவர்கள் யார்? பக்கம் முடிந்தது என்ற உணர்வே எழாதபடி, விரல் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கும் முடிவில்லா உருட்டலை 2006-இல் வடிவமைத்த அஸா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். ஃபேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், பயனரின் நேரத்தையும் கவனத்தையும் இயன்ற மட்டும் எப்படி எடுத்துக்கொள்வது என்பதே அத்தகைய செயலிகளைக் கட்டியபோது முன்னின்ற சிந்தனை என்று 2017-இல் சொன்னார். நிறுவனங்களின் உத்திகளை எங்கள் அணித் தலைவர் விரிவாக எடுத்துரைத்துவிட்டதால் அங்கே நான் நின்று நேரத்தைச் செலவிடப்போவதில்லை. இன்னும் சொல்லப்போனால், நிறுவனங்களின் தந்திரம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் எதிரணியினருக்கு நான் பாதி வழி விட்டுக்கொடுத்திருப்பேன். தந்திரத்தைப் புரிந்துகொண்டவன் அதிலிருந்து தப்பித்துக்கொள்ளலாமே என்று அவர்கள் கேட்கக்கூடும், அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கும். ஆனால் இளையோரைத் திரையின் முன் பிடித்து வைத்திருப்பதில் நிறுவனங்களைக் காட்டிலும் வலுவான கை ஒன்று உண்டு. அது அவர்களுடைய நண்பர்களின் கை.

பதினாறு வயது மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை எடுத்து வைத்துவிடுவது என்று உறுதி எடுக்கிறான்; எடுத்தபடியே செய்தும்விடுகிறான். காலையில் எழுந்து பார்த்தால் வகுப்புக் குழுவில் இருநூறு செய்திகள் படிக்கப்படாமல் கிடக்கின்றன. பத்தேகாலுக்குத் தொடங்கிய ஒரு கேலி, பதினொன்றுக்குள் ஒரு நண்பனுக்குப் புதுப் பட்டப்பெயராகி, நள்ளிரவில் அந்தப் பெயருக்கொரு ஸ்டிக்கரும் வந்துவிட்டது. இவற்றுக்கு நடுவே, எழுபதாவது செய்தியிலோ எண்பதாவதிலோ, ஒப்படைப்புக்குரிய நாள் மாறிவிட்டது என்ற ஒரு வரி. அதற்கும் கீழே, மாலை விளையாட்டுக்கு யார் யார் வருவது என்ற முடிவு. அந்தப் பட்டியலில் இவன் பெயர் இல்லை. ஒதுக்கிவைத்ததாக யாரும் நினைக்கவில்லை. கேட்ட நேரத்தில் இவன் அங்கே இல்லை, அவ்வளவுதான். வகுப்பில் நுழைந்ததும் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி எல்லாரும் சிரிக்கிறார்கள், இவனும் காரணம் புரியாமல் கூடச் சிரிக்கிறான். அன்றிரவு இவன் கைப்பேசியை எத்தனை மணிக்கு எடுத்து வைப்பான் என்று எதிரணியினர் நினைக்கிறார்கள்? இவனுடைய மன உறுதியில் எந்தக் குறையும் இல்லை. முதல் நாள் அதைச் செய்து காட்டியவன்தான் அவன். அதற்குக் கிடைத்த பலன்தான் அவனைத் திருத்திவிட்டது!

2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் அந்த இரண்டு நீலக் குறிகள் வந்தன. நம்மில் எல்லாரும் 'ப்ளூ டிக்' என்கிறோம். அதுவரை பதில் வராவிட்டால், இன்னும் பார்த்திருக்க மாட்டான் என்று நண்பனுக்கு ஒரு சந்தேகத்தின் பலனையாவது கொடுக்க முடிந்தது. நீலக் குறி வந்தபிறகு மௌனமே ஒரு செய்தியாகிவிட்டது: பார்த்தான், பதில் போடவில்லை. ஸ்னாப்சாட்டில் இன்னும் கடுமையான ஒன்று உண்டு, 'ஸ்ட்ரீக்'. இரு நண்பர்கள் ஒவ்வொரு 24 மணி நேரத்துக்குள்ளும் மாறி மாறிப் படம் அனுப்பிக்கொண்டே இருந்தால் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தீச்சுடரும், எத்தனை நாள் தொடர்ந்தது என்ற எண்ணும் தோன்றும். கெடு நெருங்கும்போது மணற்கடிகாரம் வந்து எச்சரிக்கும். ஒருவர் தவறவிட்டால் இருவருடைய எண்ணும் போய்விடும். தேர்வு நாட்களிலும் இணையம் கிடைக்காத பயணங்களிலும் தம் கடவுச்சொல்லையே நம்பிக்கையான நண்பரிடம் ஒப்படைத்து, எனக்குப் பதிலாக நீயே அனுப்பிவை என்று சொல்லிப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அனுப்பப்படும் படம் பெரும்பாலும் சுவரின் படமோ இருட்டின் படமோதான். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. நட்பு அறுந்துவிடவில்லை என்பதற்கான வருகைப் பதிவு அது. இந்த இடத்தில் கட்டுப்பாடாக இரு என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது, நண்பனுடைய எண்ணையும் சேர்த்து அழித்துவிடு என்று சொல்வதாகும்.

இளையோரின் பழக்கம் இந்தத் திசையில்தான் மாறியும் வருகிறது. எல்லாரும் பார்க்கும்படி பதிவு போடும் வழக்கம் குறைந்து, தனிச் செய்திகளுக்கும் சிறு குழுக்களுக்கும் நடமாட்டம் நகர்ந்துவிட்டது. பதின்பருவத்தினர் இன்ஸ்டாகிராமின் பொதுப் பக்கத்தைவிட ஸ்டோரிகளிலும், அவற்றைவிடத் தனிச் செய்திகளிலும் அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்று அதன் தலைவர் ஆடம் மொசேரியே 2023-இல் கூறினார். ரீல்ஸ் எல்லாம் முன்பின் தெரியாதவர்கள் எடுத்த காணொளிதானே, அதில் நண்பர்கள் எங்கே வந்தார்கள் என்று எதிரணியிலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்த ரீல்ஸைப் பார்த்து முடித்த அடுத்த நொடியில் விரல் எங்கே போகிறது என்று கவனித்தால் போதும். அது நண்பனுக்கு அனுப்பப்படுகிறது. மறுநாள் பேச்சு அதைப் பற்றியதாகவே இருக்கும். பார்க்காதவனுக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

நடுவர் அவர்களே, இந்த அவையில் முன்வரிசையில் இருப்பவர்கள் திடீரென்று எழுந்து நின்றுவிட்டால், அடுத்த வரிசையும் எழ வேண்டும், அதற்கடுத்ததும் எழ வேண்டும். கடைசியில் எல்லாருக்கும் கால் வலிக்கும், யாருக்கும் முன்பைவிட நன்றாகத் தெரியாது. அப்போது நடுவில் ஒருவர் மட்டும் கட்டுப்பாட்டோடு உட்கார்ந்துகொண்டால் அவருக்குக் கிடைப்பது முன்னால் நிற்பவரின் முதுகு. எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். அதற்கு யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர்களும் உட்காருவார்கள் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் வர வேண்டும்.

இது வெறும் உவமை இல்லை என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். என் வாதம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் லியோனார்டோ பர்ஸ்டின் உள்ளிட்ட நால்வர் 2023-இல் அதை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், உங்கள் கணக்கை நான்கு வாரம் முடக்கி வைக்க எவ்வளவு பணம் தர வேண்டும் என்று கேட்டார்கள். சும்மா கேட்டுவைக்கவில்லை, சொன்ன தொகை உண்மையிலேயே கைமாறக்கூடும் என்ற ஏற்பாட்டோடு கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டிருக்க, தான் மட்டும் விலகுவதற்குச் சராசரியாக டிக்டாக்குக்கு 59 டாலரும் இன்ஸ்டாகிராமுக்கு 47 டாலரும் கேட்டார்கள். இதை மட்டும் பார்த்தால், பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தோன்றும். பிறகு கேள்வியை மாற்றினார்கள். உங்கள் கல்லூரியில் உள்ள மற்ற மாணவர்களும் உங்களோடு சேர்ந்து விலகுவதாக இருந்தால்? இப்போது அவர்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கவில்லை. தாமே பணம் கொடுக்க முன்வந்தார்கள்: எல்லாரும் சேர்ந்து வெளியேறுவதற்கு டிக்டாக்குக்கு 28 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 10 டாலர்.

இதன் பொருளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதே செயலி, அதே நான்கு வாரம், அதே மனக்கட்டுப்பாடு. மாறியது ஒன்றுதான்: மற்றவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்பது. அந்த ஒரு மாற்றத்தில், பணம் வாங்கினால்தான் விலகுவேன் என்றவர்கள் பணம் கொடுத்தாவது விலகுகிறேன் என்றார்கள். அவர்களில் பலர் அந்தச் செயலியை விரும்பி அங்கே இருக்கவில்லை. மற்றவர்கள் இருப்பதால் இருக்கிறார்கள். அந்த மற்றவர்களும் இதே காரணத்துக்காகவே இருக்கிறார்கள். இத்தகைய முடிச்சைத் தனியொருவர் எப்படி அவிழ்ப்பார்? எதிரணியினர் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக அழைத்து அறிவுரை சொல்லிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு பிள்ளையும் தலையாட்டிவிட்டு, மற்றவர்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத் திரும்பிப் போகும்.

இளையோர் தாமாகவே மாறிவருகிறார்கள் என்ற இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025-இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பை எதிரணித் தலைவர் எடுத்துக்காட்டினார். 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 44 விழுக்காட்டினர் சமூக ஊடகத்தைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள் என்பது உண்மை. அதே அறிக்கையில் அவர் படிக்காமல் விட்ட வரிகளையும் நான் படித்துவிடுகிறேன். தாங்கள் அதில் மிகுதியான நேரத்தைச் செலவிடுவதாகக் கருதுவோர் 2022-இல் 36 விழுக்காடு. அண்மைக் கணிப்பில் 45 விழுக்காடு. இத்தனை பேர் குறைத்துக்கொண்ட பிறகும், அளவு மீறிவிட்டது என்ற உணர்வு கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை. இன்னொன்றும் உண்டு. சமூக ஊடகம் தம் வயதினரைப் பெரும்பாலும் கெடுக்கிறது என்றவர்கள் 48 விழுக்காடு, தன்னைக் கெடுக்கிறது என்றவர்கள் 14 விழுக்காடு. பிறரைச் சொல்வது எளிது, தன்னைச் சொல்வது கடினம் என்று இதைப் புறந்தள்ளலாம். அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். எனக்கு வேறொன்றும் தெரிகிறது. தன் கைப்பேசியில் நடப்பதாக இல்லாமல் தங்கள் கூட்டத்துக்கு நடப்பதாகவே அந்தப் பிள்ளைகள் இதைக் காண்கிறார்கள். பெரியவர்களைவிட அவர்கள் நோயைச் சரியாகக் கண்டுகொண்டிருக்கிறார்கள் என்பதே என் கருத்து.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வையும் எதிரணியில் ஒருவர் குறிப்பிட்டார். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றுக்கும் நாளொன்றுக்குப் பத்துப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்துக்கொண்டவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் தணிந்தன. தனிமனிதக் கட்டுப்பாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டார். அந்த மாணவர்கள் எப்படிக் குறைத்தார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. எந்தச் செயலி எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும் பேட்டரிப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டை அவர்கள் ஆய்வாளர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதாவது வரம்பு வெளியிலிருந்து வந்தது, கேட்பதற்கு ஆள் இருந்தது, அதே வரம்போடு வேறு பலரும் இருந்தார்கள், முடியும் நாளும் தெரிந்திருந்தது. இதற்குத்தான் நாங்கள் கூட்டு ஏற்பாடு என்கிறோம். எங்கள் அணிக்காக அந்தச் சான்றைத் தேடி எடுத்துத் தந்த நண்பருக்கு நன்றி.

எதிரணியிலேயே மிக நுட்பமாகப் பேசியவர், திரையால் பெரிய கேடே இல்லை என்று வாதிட்டவர்தான். ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்னும் ஆய்வாளர்கள் இருவரும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, மனநலத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் அதிகம் போனால் 0.4 விழுக்காட்டையே டிஜிட்டல் கருவிப் பயன்பாட்டால் விளக்க முடியும்; உருளைக்கிழங்கு தின்பதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தொடர்பு இருந்தது. அவையில் சிரிப்பு எழுந்தது, நானும் சிரித்தேன். அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். வீண் பீதியைத் தணித்த நல்ல பணி அது. ஆனால் அது கேட்ட கேள்வி வேறு. அதிகம் பயன்படுத்துகிறவன், குறைவாகப் பயன்படுத்துகிறவனைவிட மோசமாக இருக்கிறானா என்று ஆளோடு ஆளை அது ஒப்பிட்டது. வகுப்பு முழுவதும் கைப்பேசிக்குள் குடிபெயர்ந்துவிட்ட பிறகு, கைப்பேசி இல்லாதவன் எதைத் தப்பித்தான்? மாலையில் விளையாட அழைக்க வெளியே ஆளில்லாத வெறுமை அவனுக்கும்தான். இருவருமே இழந்திருக்கும்போது இருவரையும் ஒப்பிட்டால் வேறுபாடு சிறிதாகத்தான் தெரியும். கூட்டத்துக்கு நேர்ந்ததை ஆளோடு ஆளை ஒப்பிட்டு அளந்துவிட முடியாது.

இனிச் சட்டம். தென்கொரியா 2011-இல், 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று சட்டமியற்றிப் பத்தாண்டு கழித்து 2021-இல் அதைக் கைவிட முடிவெடுத்தது. தோல்விதான், ஒப்புக்கொள்கிறேன். பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு நுழைந்த பிள்ளைகள் இருந்தார்கள். சட்டமோ கணினி விளையாட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தது, பிள்ளைகளோ அதற்குள் கைப்பேசிக்குப் போய்விட்டார்கள். ஆயினும் அதிலிருந்து, சேர்ந்து செய்யும் எதுவும் பயன்படாது என்ற முடிவுக்குத் தாவுவது நியாயமாகாது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் என் கவனத்தை ஈர்த்த கூறு வயது வரம்பு அன்று. தண்டனை பிள்ளைக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. நியாயமான நடவடிக்கை எடுக்கத் தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அதிலும் ஏமாற்றிப் புகுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். பலன் முழுமையாகத் தெரியச் சில ஆண்டுகள் ஆகும், இப்போதே வெற்றி என்று கொண்டாட நான் தயாரில்லை. ஆனால் "எல்லாரும் இருக்கிறார்கள், நான் மட்டும் எப்படி" என்று வீட்டில் எழும் கேள்வியின் முதல் பாதியையே அந்தச் சட்டம் அசைக்க முயல்கிறது. அறிவுரை ஒருபோதும் அந்த முதல் பாதியைத் தொட்டதில்லை.

சட்டத்தின் நிழல் விழுந்தாலே நிறுவனங்களின் கை எப்படி நகர்கிறது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. சிறாருக்கான செயலிகளின் வடிவமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பிரிட்டன் வகுத்த விதித்தொகுப்புக்கு நிறுவனங்கள் முழுமையாக இணங்க வேண்டிய நாள் 2021 செப்டம்பர் 2. அதற்கு முந்தைய ஆகஸ்டில் யூடியூப், 13 முதல் 17 வயதினருக்கு அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை இயல்பு நிலையிலேயே அணைத்து வைப்பதாக அறிவித்தது. அதே மாதம் டிக்டாக், 13 முதல் 15 வயதினருக்கு இரவு ஒன்பது மணிக்குப் பின் அறிவிப்புகள் அனுப்புவதில்லை என்றது. தற்செயல் என்று எதிரணியினர் சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை, புன்னகைத்துக்கொள்வேன். இரவு அறிவிப்பு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நிற்கும்போது, அந்தக் குழுவின் பதினொரு மணி அரட்டையும் எல்லாருக்கும் சேர்ந்தே தளர்கிறது. யாரும் எதையும் தவறவிட்டவர் ஆவதில்லை.

பள்ளிகளைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும், அது என் அணிக்குச் சற்று உறுத்தலானது என்றாலும் மறைக்க மாட்டேன். பிரான்ஸ் 2018 முதலே பள்ளிகளில் கைப்பேசிப் பயன்பாட்டைத் தடுத்திருக்கிறது. பிரேசில் 2025 ஜனவரியில் அத்தகைய சட்டத்தை இயற்றியது. ஆனால் இங்கிலாந்தில் 30 பள்ளிகளைச் சேர்ந்த 1,227 மாணவர்களை ஆராய்ந்து 2025-இல் வெளியான ஆய்வு, கைப்பேசியைத் தடுத்த பள்ளி மாணவர்களின் மனநலம் மற்றப் பள்ளி மாணவர்களுடையதைவிட மேலாக இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. காரணமும் அந்த ஆய்விலேயே இருக்கிறது: பள்ளி நேரத்தில் குறைந்தாலும், நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் திரை நேரம் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. மொத்தத் திரை நேரம் கூடக்கூட மனநலம் குன்றியிருந்ததையும் அதே ஆய்வு கண்டது. பள்ளி வாயிலோடு ஏற்பாடு முடிந்துவிட்டது. வாயிலைத் தாண்டியதும் ஒவ்வொரு பிள்ளையும் மறுபடியும் தனியாக விடப்பட்டது. பாதியில் நின்றுபோன ஏற்பாட்டை மாலைக்கும் இரவுக்கும் நீட்டுங்கள் என்று நான் கேட்கிறேன். எதிரணியினரோ பாதியில் நின்றதால் முழுவதையும் கைவிடுங்கள் என்கிறார்கள்.

நீட்ட முடியுமா? அயர்லாந்தின் கிரேஸ்டோன்ஸ் நகரில் எட்டுத் தொடக்கப் பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் 2023-இல் ஒன்றுகூடி, உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை பிள்ளைகளுக்குத் திறன்பேசி வாங்கித் தருவதில்லை என்ற தன்னார்வ உடன்பாட்டை உருவாக்கின. சட்டம் இல்லை, அபராதம் இல்லை. ஒரு பள்ளி மட்டும் செய்திருந்தால் பிள்ளை பக்கத்துப் பள்ளி நண்பனைக் காட்டியிருக்கும். எட்டுப் பள்ளியும் சேர்ந்ததால் காட்ட ஆள் குறைந்துபோனார்கள். அமெரிக்காவில் 2017-இல் தொடங்கிய ஓர் உறுதிமொழி இயக்கம் இன்னும் நுட்பமாக யோசித்தது. எட்டாம் வகுப்பு வரை திறன்பேசி தர மாட்டோம் என்று ஒரு பெற்றோர் கையொப்பமிட்டால் உடனே அது செல்லுபடியாகாது. பிள்ளையின் அதே வகுப்பைச் சேர்ந்த பத்துக் குடும்பங்கள் கையொப்பமிட்ட பிறகே உறுதிமொழி உயிர் பெறும். தனியாக நின்றால் முறிந்துவிடும் என்பதை அந்த இயக்கத்தினர் முன்கூட்டியே அறிந்து, பத்துப் பேர் சேரும்வரை யாரையும் தனியாக நிறுத்தவில்லை. பிரிட்டனில் 2024-இல் எழுந்த இதேபோன்ற இயக்கம் ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் பிறந்தது என்பதை எதிரணியினர் எடுத்துச் சொல்லிச் சிரிக்கலாம். கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கேதானே போய்க் கூப்பிட வேண்டும்!

பெற்றோர் என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. தான் பேச முயலும்போது பெற்றோர் கைப்பேசியில் கவனம் சிதறுவதாக, பியூ மையம் 2024-இல் வெளியிட்ட கணிப்பில் 46 விழுக்காட்டுப் பதின்பருவத்தினர் சொன்னார்கள். தாங்கள் அப்படி நடந்துகொள்வதாக ஒப்புக்கொண்ட பெற்றோர் 31 விழுக்காடு. இடைப்பட்ட 15 விழுக்காட்டை இந்த அவையில் தேட வேண்டாம் என்று நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன். உணவு மேசையில் பிள்ளையின் கைப்பேசி மட்டும் பறிமுதலாவது தண்டனை. எல்லாருடையதும் ஒரே கூடையில் விழுவதுதான் ஏற்பாடு.

இளையோரைக் கேளாமல் விதி வகுப்பது அவர்களை அவமதிப்பதாகாதா என்று எதிரணியின் இளைய பேச்சாளர் உணர்ச்சியோடு கேட்டார். அவர் பக்கம் நான் நிற்கிறேன். விதியை வகுக்கும் மேசையில் அவர்கள் உட்கார வேண்டும். இரவு பத்துக்குப் பின் வகுப்புக் குழுவில் செய்தி போடுவதில்லை, ஒப்படைப்பு நாள் மாறினால் அதைத் தனிக் குழுவில் மட்டும் அறிவிப்பது, ஸ்ட்ரீக்குகளை ஒரே நாளில் எல்லாரும் சேர்ந்து முடித்துக்கொள்வது என்று ஒரு வகுப்பு தானே கூடி முடிவெடுத்தால், எந்த அமைச்சரும் எழுதும் சட்டத்தைவிட அது நுணுக்கமாக இருக்கும். எந்த நேரத்தில் எந்தச் செய்தி தங்களை இழுக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அதுவும் கூட்டு ஏற்பாடுதான் என்பதை அந்த நண்பர் கவனிக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியால் அவர் எங்கள் அணிக்குள் பாதி வந்துவிட்டார், மீதியையும் வரும்படி அழைக்கிறேன்.

மணி அடித்துவிட்டது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். தான் மட்டும் விலக 59 டாலர் கேட்டு, எல்லாரும் சேர்ந்து விலக 28 டாலர் தானே கொடுக்க முன்வந்த அந்தக் கல்லூரி மாணவரிடம் எந்தக் கட்டுப்பாடு குறைவாக இருந்தது? அதை அவர் இந்த அவைக்கு விளக்கட்டும், கேட்பதற்குக் காத்திருக்கிறேன். வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கு நன்றி, வணக்கம்.